மேசை மேல் ஒரு விண்வெளிப் போர்
முதல் ஆட்டத்திற்கு எந்த விதியைத் தேர்ந்தெடுப்பது?

புத்தகங்களை அடுக்கிக் குன்றுகள் அமைத்திருக்கிறார்கள். நடுவே கிடக்கும் அட்டைப் பெட்டி, விழுந்து நொறுங்கிய ஒரு விண்கலம். அதைக் கைப்பற்ற இரு திசைகளிலிருந்தும் நகத்தளவே உயரமுள்ள பொம்மை வீரர்கள் நெருங்குகிறார்கள். எதிரெதிரே அமர்ந்திருக்கும் இரு நண்பர்களின் கைகளில் அளவுகோலும் பகடைகளும் இருக்கின்றன.

மேல்நாடுகளில் பலரும் விரும்பி ஆடும் 'சிற்றுருவப் போர் விளையாட்டு' இதுதான். சதுரங்கத்தைப் போல இதற்குக் கட்டங்கள் இல்லை. வீரனை அளந்து நகர்த்த வேண்டும். அவன் சுட்டது பட்டதா என்பதைப் பகடை சொல்லும். விண்வெளி வீரர்களும் இயந்திர மனிதர்களும் மோதும் விஞ்ஞானக் கதைப் போர்களுக்கு மட்டுமே இன்று பல விதிநூல்கள் உள்ளன. புதிதாகத் தொடங்குபவர் பெரும்பாலும் அவற்றுள் தடித்த நூலையே எடுக்கிறார். விதிகள் மிகுந்தால் ஆட்டம் உண்மைக்கு நெருங்கும் என்பது அவர் எண்ணம். இது சரிதானா?

பழைய பாடம்

1824-இல் பிரஷ்ய நாட்டின் பீரங்கிப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ், வரைபடத்தின் மேல் ஆடும் போர்ப் பயிற்சி ஒன்றுக்கு விதிகள் வெளியிட்டார். இழப்புகளைப் பகடையும் அட்டவணைகளும் தீர்மானித்தன. பின்னாளில் அட்டவணைகள் பெருகின, ஆட்டம் மெதுவாயிற்று. 1876-இல் வெர்டி து வெர்ன்வா என்ற அதிகாரி அட்டவணைகளை ஒதுக்கிவிட்டு, அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பே போதும் என்றார். போரையே தொழிலாகக் கொண்டவர்களுக்கும் கணக்கு சுமையாகிவிட்டது!

'உலகங்களின் போர்' என்ற விஞ்ஞானக் கதையை எழுதிய எச். ஜி. வெல்ஸ், 1913-இல் 'லிட்டில் வார்ஸ்' என்ற சிறு விதிநூலை வெளியிட்டார். அதில் சுடுவதற்குப் பகடை கிடையாது. மரத்துண்டை எறியும் பொம்மைப் பீரங்கியால் எதிரியின் பொம்மையைக் குறிபார்த்து வீழ்த்த வேண்டும். ஒவ்வொருவர் முறைக்கும் கால வரம்பு உண்டு. எனவே ஆட்டம் தேங்கவில்லை.

பகடையை எண்ணுங்கள்

விதிநூலைத் திறந்ததும் பார்க்க வேண்டிய முதல் செய்தி, ஒரு முறை சுட எத்தனை தடவை பகடை உருட்ட வேண்டும் என்பது.

1987-இல் வெளிவந்த புகழ்பெற்ற 'வார்ஹாமர் 40,000' ஆட்டத்தில் மூன்று படிகள் உண்டு. குறி தப்பாமல் பட்டதா, பட்டது காயப்படுத்தியதா, கவசம் தடுத்ததா என்று வரிசையாக உருட்ட வேண்டும். ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். குறி படுவதற்கு 4, 5, 6 ஆகிய எண்களுள் ஒன்று விழ வேண்டும், நிகழ்தகவு 1/2. காயத்திற்கும் அவ்வாறே 1/2. 5 அல்லது 6 விழுந்தால் கவசம் காக்கும். எனவே கவசம் தோற்பதற்கு 2/3. மூன்றையும் பெருக்கினால்:

1/2 × 1/2 × 2/3 = 1/6

ஒரே ஒரு பகடையை உருட்டி, '6 விழுந்தால் வீரன் வீழ்ந்தான்' என்று சொன்னாலும் இதே 1/6 தான்! 18 வீரர்கள் சுட்டால், மூன்று படி முறையில் முதலில் 18, பிறகு சராசரியாக 9, அதன் பிறகு 4 அல்லது 5 பகடைகள் உருளும். ஆக, ஏறத்தாழ 31 பகடைகள். ஒரு படி முறையில் 18 போதும். இரண்டிலும் சராசரியாக வீழ்வோர் 3 பேரே.

அப்படியானால் மூன்று படிகள் வீணா? இல்லை. ஒரு படி முறையில் வீரன் ஏன் பிழைத்தான் என்பது தெரியாது. குறி தவறியதாலா, கவசம் காத்ததாலா என்பதைப் பல படி முறையே காட்டும். நல்ல கவசத்திற்கும் நல்ல துப்பாக்கிக்கும் தனித்தனி மதிப்புக் கொடுக்கவும் அது இடம் தரும். தொடங்குபவருக்கு நடுவழியாக இரண்டு படிகள் ஏற்றவை. அடிப்படை விதிகள் இலவசமாகவே கிடைக்கும் 'கிரிம்டார்க் ஃபியூச்சர்' இவ்வகையைச் சேர்ந்தது: ஓர் உருட்டல் தாக்குதலுக்கு, ஓர் உருட்டல் தற்காப்புக்கு.

யார் முறை?

அடுத்தது, இரு தரப்பும் எந்த வரிசையில் ஆடுகின்றன என்பது. சில ஆட்டங்களில் ஒருவர் தம் படை முழுவதையும் இயக்கிய பிறகே மற்றவர் தொடங்கலாம். இரு பக்கமும் ஆறு ஆறு வீரர்கள். சுட்டால் விழும் வாய்ப்பு 1/2 என்று கொள்வோம். முதலாமவரின் அறுவரும் சுட, சராசரியாக மூவர் வீழ்வர். எஞ்சிய மூவர் திருப்பிச் சுட, ஒன்றரை பேர் வீழ்வர். முதல் சுற்றின் முடிவில் நான்கரைக்கு மூன்று! திறமைக்கு வேலை வருமுன் ஒருவர் முந்திவிட்டார்.

வீரர்களை ஒருவர் மாற்றி ஒருவராக இயக்கினால், முதலில் தொடங்குபவருக்கு ஒரே ஒரு சூட்டின் முன்னிலைதான் கிடைக்கும். எதிரி ஆடி முடிக்கும்வரை கைகட்டிக் காத்திருக்கவும் வேண்டாம். தொடங்குபவருக்கு இதுவே ஏற்றது.

பொம்மையும் மேசையும்

1.8 மீட்டர் உயர மனிதனை 15 மி.மீ. பொம்மையாக்கினால் அது 120-இல் ஒரு பங்கு, 6 மி.மீ. ஆக்கினால் 300-இல் ஒரு பங்கு. 300 மீட்டர் சுடும் துப்பாக்கி, முதல் அளவில் மேசையில் 2.5 மீட்டர் சுட வேண்டும். எந்த மேசை போதும்? இரண்டாம் அளவில் 1 மீட்டர் போதும். இதனால் பொம்மை பெரிதாயிருக்கும்போது, விதிகள் தூரத்தைச் சுருக்கிவிடுகின்றன.

சிறிய பொம்மை வைத்திருப்பவர்களுக்கு ஓர் எளிய வழி உண்டு. விதியில் 'அங்குலம்' என்று இருப்பதையெல்லாம் 'சென்டிமீட்டர்' என்று படிக்கலாம். 72 அங்குலத்திற்கு 48 அங்குலம் கேட்கும் போர்க்களம், 72 செ.மீ.க்கு 48 செ.மீ. ஆகிவிடும். படிக்கும் மேசையே போதும்! பொம்மைகளும் கட்டாயமில்லை, இருவண்ணச் சட்டைப் பொத்தான்கள் போதும்.

வீரர்களின் எண்ணிக்கையும் குறைவாக இருக்கட்டும். 2021-இல் வெளிவந்த 'ஸ்டார்கிரேவ்' ஆட்டத்தில் ஒரு தரப்புக்குப் பத்துப் பேர்தான். அதற்கு மேல் முதல் நாளில் வேண்டாம்.

சோதித்துப் பாருங்கள்

ஆகவே முதல் ஆட்டத்திற்கு இரண்டு படிப் பகடை, மாறி மாறி இயக்கம், பத்துக்கு மேற்படாத வீரர்கள் என்ற மூன்றையும் பாருங்கள். ஒரு மாலையில் ஆட்டம் முடிய வேண்டும். முடிந்த ஆட்டத்தில்தான் தோற்றவர் தம் தவற்றைக் காண முடியும். பாதியில் நின்றது எதையும் கற்பிக்காது.

பிறகு இருவரும் பக்கம் மாறி, அதே போரை மீண்டும் ஆடுங்கள். இரு முறையும் ஒரே பக்கம் வென்றால் களத்தின் அமைப்பில் கோணல் இருக்கலாம். பகடையின் தற்செயலாகவும் இருக்கலாம். அதை அறிய இன்னும் சில முறை ஆட வேண்டும். விதியை மாற்ற விரும்பினால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஆய்வுக்கூடத்தில் நாம் கடைப்பிடிக்கும் முறையும் அதுதானே!