தூரக் காடு வேண்டாம், பக்கத்துக் கான் போதும்

அட்டனிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பாதையில், மழை விட்ட காலையில் நசுங்கிக் கிடக்கும் சின்னப் பாம்பைக் குனிந்து பாருங்கள். விரல் பருமன், ஒன்றரை அடிக்கும் குறைவு, கபிலம் அல்லது கருமை என்றால் அது அஸ்பிடூராவாக இருக்கலாம். இந்தப் பேரினம் இலங்கைக்கே உரியது. அதிலும் 1860இல் அமெரிக்கரான கோப் பெயரிட்ட 'அஸ்பிடூரா டிராக்கிப்ரொக்டா' நம் மத்திய மலைகளின் பிள்ளை. நஞ்சில்லாதது. மண்ணுக்குள்ளும் சருகுக்கடியிலும் மண்புழு தின்று வாழ்வது. தேயிலை மலையில் முள்ளுக் குத்தும்போது வெளிப்பட்டால் 'விரியன் குட்டி' என்று அடித்துப் போடுகிறோம். அதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு வலிக்கிறது.

பாம்பின் உடம்பு தானாகச் சூடேறாது. 1,800 மீற்றர் உயரக் குளிரில் அது விறைத்துப்போகும். பாதையில் அசையாமல் கிடப்பதெல்லாம் செத்த பாம்பல்ல.

அதற்காக வெறுங்கையால் தூக்கிவிடாதீர்கள். மூக்கு நிமிர்ந்த கூன்மூக்கு விரியனும், செடியோடு செடியாகப் படுத்திருக்கும் பச்சை விரியனும் இதே மலைகளில் உண்டு. நம் ஆஸ்பத்திரிகளிலுள்ள இந்திய நஞ்சுமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை நான்குக்கும் செய்யப்பட்டது, இவ்விரண்டுக்கும் உதவாது. கூன்மூக்கனின் கடி சிறுநீரகத்தையே கெடுத்திருக்கிறது. இனம் தெரியாவிட்டால் விலகி நின்று, வரும் வாகனங்களை மறித்து, வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்குச் சொல்லுங்கள்.

காயம்பட்ட பாம்புக்கு மட்டுமே பராமரிப்பு தேவை. அதுவும் பழகியவர் கையில், மருத்துவரிடம் சேரும்வரை. துளையிட்ட மூடியுள்ள வாளி, ஈரச் சருகு, இருட்டான மூலை போதும். குளிருமே என்று அடுப்படியில் வைத்தால், சூடு கூடும்போது விலகிப்போக வழியில்லாமல் செத்துவிடும். பால் அதன் உணவல்ல. சில நாள் பட்டினி அதைக் கொல்லாது. ஆள் மாறி ஆள் திறந்து பார்ப்பதுதான் வாட்டும்.

காயமில்லாததை எங்கே விடுவது? லயத்துப் பிள்ளைகளை நினைத்துத் தூரக் காட்டுக்குக் கொண்டுபோகச் சொல்பவர்களின் பயம் நியாயமானதே. ஆனால் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கிலுகிலுப்பை விரியன்களை வேற்றிடத்தில் விட்டுப் பின்தொடர்ந்த ஆய்வு 1999இல் வெளியானது. இடம் மாறியவற்றில் பாதிக்கு மேல் மாண்டன. சொந்த இடத்தில் இருந்தவற்றில் ஒன்பதில் ஒன்றுதான். புது இடத்தில் பொந்தும் இரையும் தேடி அலைந்தே பாம்பு அழிகிறது. அஸ்பிடூராவுக்குப் பாதையோரத்துச் சரிவில், சருகு மூடிய கான் போதும். வெயில் இருக்கும்போதே விடுங்கள். குளிர் இறங்கினால் மண்ணுக்குள் புக அதற்கு வலு இராது.