கூரையின் உயரம்

கஹவத்தைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்திலே பிறந்தவன் நான். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா; முன்னே ஓர் இஸ்தோப்பு; மேலே தகரம். அந்த அளவை நான் நூலிற் படித்தறியவில்லை. இருளிலே கைநீட்டிச் சுவரைத் தொட்டறிந்தேன். அண்மையில் ஓர் அமெரிக்கத் திரைப்படம் அச்சுவரை மீண்டும் என் கைக்கெட்டச் செய்தது.

2024ஆம் ஆண்டு வெனிஸ் விழாவில் முதன்முதல் திரையிடப்பட்ட ‘தி புரூட்டலிஸ்ட்’ என்பதே அப்படம். நெறிப்படுத்தியவர் பிராடி கோர்பே. இடைவேளையும் சேர்த்து 215 நிமிடங்கள் ஓடுகிறது. கதாநாயகர் லாஸ்லோ தோத், ஹங்கேரி நாட்டு யூதர், கட்டடக் கலைஞர், புக்கன்வால்ட் வதைமுகாமில் உயிர் தப்பி, 1947இல் அமெரிக்கா வந்து சேர்ந்தவர். கற்பனைப் பாத்திரந்தான், ஆயினும் அதனை ஏற்று நடித்த ஏட்ரியன் புரோடி 2025இல் ஒஸ்கார் விருது பெற்றார்.

பென்சில்வேனியாச் செல்வர் ஒருவர் தம் தாயின் நினைவாக ஒரு பெருங்கட்டடம் எழுப்பும் பணியை அவரிடம் ஒப்படைக்கிறார். செலவு மிகுகின்றது, உயரத்தைக் குறைக்கலாம் என்கின்றனர். லாஸ்லோ இணங்கவில்லை. தம் ஊதியத்தையே விட்டுக்கொடுத்து உயரத்தைக் காக்கிறார். காரணம் இறுதியிலேதான் விளங்குகிறது. அக்கட்டடத்தின் அறைகள் முகாமின் சிறையறைகளின் அளவே கொண்டவை. கூரை மட்டும் வானை நோக்கி உயர்ந்து நிற்கிறது. அடைபட்ட இடத்தை மறவாமலே அண்ணாந்து பார்க்க ஒரு வழி!

லயம் வதைமுகாம் அன்று. அப்படிச் சொல்வது இரு சாராரின் துயருக்கும் நீதியாகாது. ஆனால், ஒரு சமூகத்தின் வாழ்வைப் பிறர் அளந்து முடித்த கதை எமக்கும் உண்டு. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் எம்மவரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று எங்களை எண்ணிப் பங்கிட்டது. எஞ்சிய நாடற்றோர்க்கு வழி திறந்த சட்டம் 2003இலேதான் வந்தது.

லாஸ்லோவின் கையில் வரைகோல் இருந்தது. எம் பாட்டன்மாரிடமோ கவ்வாத்துக் கத்தியும் மண்வெட்டியுமே இருந்தன. கூரை எவ்வளவு உயரம் வேண்டுமென்று அவர்களை எவரும் கேட்டதில்லை.

இந்திய உதவியுடன் மலையகத்தில் 7 பேர்ச் காணியில், 550 சதுர அடித் தனி வீடுகள் எழுந்துள்ளன. மகிழத்தக்கதே. ஆயினும், சாளரம் எத்திசையில், அடுப்பு எம்மூலையில், சாமிப் படம் எச்சுவரில் என்று அங்கே வாழப்போகும் தாயிடம் கேட்ட பின்னரே இனி வரைபடம் தீட்டப்பட வேண்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்பதன் பொருளை அவளைப்போல் அறிந்த பொறியியலாளர் வேறெவருமில்லை.