கதைக்கரு கிடைத்த இடங்கள்

ஜெமினி ஸ்டூடியோவில் 1950களில் அசோகமித்திரன் பார்த்த வேலைகளில் ஒன்று, செய்தித்தாள்களைக் கத்தரித்துப் பொருள்வாரியாகக் கோப்பில் சேர்ப்பது. உலகச் செய்தி முழுவதும் அவர் கைவழியாகப் போனது. ஆனாலும் 'கரைந்த நிழல்கள்' நாவலுக்குள் வந்தவர்கள் கோப்புகளில் இருந்த பெரிய மனிதர்கள் அல்லர். வண்டிக்கும் சாப்பாட்டுக்கும் பணத்துக்கும் அலைகிற, சினிமாவின் பின்கட்டு மனிதர்கள்தான் வந்தார்கள். பிற்பாடு சென்னையின் குடிநீர்ப் பஞ்சம் அவருக்கு 'தண்ணீர்' ஆனது. குடத்தோடு தெருவில் நிற்பதை அன்று எல்லாரும்தான் பார்த்தார்கள். அதை நாவலுக்கு உரிய விஷயம் என்று நினைத்தவர் அவர்.

அன்று கரு பெரும்பாலும் இப்படித்தான் வந்தது. பிழைப்பு எங்கே கொண்டுபோய் நிறுத்தியதோ, அங்கே கிடைத்தது. இடைசெவலில் கரிசல் விவசாயியாக இருந்த கி. ராஜநாராயணனுக்கு ஊர்ப்பேச்சே சுரங்கம். கேட்ட சொற்களை விடாமல் சேர்த்துவைத்ததால் கதைகளோடு ஒரு வட்டார வழக்குச் சொல்லகராதியும் நமக்குக் கிடைத்தது.

எனக்கு அதிக வியப்பைத் தருபவர் ராஜம் கிருஷ்ணன். அதிகம் பள்ளிப் படிப்பு இல்லை, சிறுவயதிலேயே திருமணம். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஊர்க்கதை கேட்கும் வாய்ப்பு ஆண் எழுத்தாளர்களுக்கு இருந்தது. அவர் தலைமுறைப் பெண்ணுக்கு ஏது? தன்னைத் தேடிக் கதை வராது என்று தெரிந்தவர்போல, அவரே தேடிப் போனார். நீலகிரியின் படகர் வாழ்வு 'குறிஞ்சித்தேன்' ஆனது. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்கள் 'கரிப்பு மணிகள்' நாவலுக்குள் வந்தார்கள். சிவகாசித் தீப்பெட்டித் தொழிலில் உழைத்த குழந்தைகளையும், சம்பல் பள்ளத்தாக்குக் கொள்ளையர்களையும் நேரில் பார்த்துப் பேசித்தான் எழுதினார். களத்துக்குப் போய் எழுதுவதைத் தமிழ் நாவலில் ஒரு முறையாகவே ஆக்கியவர் அவர். அந்த உழைப்புக்குரிய மரியாதையை நாம் இன்னும் தரவில்லை.

இன்று வாசல்கள் பெருகியிருக்கின்றன. பூமணியின் 'அஞ்ஞாடி...' 1895 கழுகுமலைக் கலவரத்தையும் 1899 சிவகாசிக் கலவரத்தையும் ஆவணங்களில் தேடியெடுத்தது. ஆய்வு நல்கை பெற்று எழுதப்பட்ட அந்நாவலுக்கு 2014இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. ரோஜா முத்தையா நூலகத்தில் பழைய இதழ்களைப் புரட்டலாம். தமிழ் இணைய நூலகத்தில் பழைய நூல்களை வீட்டிலிருந்தே படிக்கலாம். இன்னொரு வாசலை நான் இதைவிடப் பெரிதாக மதிக்கிறேன். முன்பு கதை என்றே கருதப்படாத வீடுகளும் தெருக்களும் உள்ளிருந்து எழுதப்படுகின்றன. 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தது; 2004இல் சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' வந்தது. வேறு யாரும் போய்ப் பார்த்து எழுதியிருக்க முடியாத வாழ்க்கை அது.

குறைந்திருப்பது காது கொடுக்கும் நேரம். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் ஊர்க்கதை சொல்வது அரிதாகிவிட்டது. அவர் காதிலும் கருவி, நம் காதிலும் கருவி. ஒரு கொடுமை கைபேசிகளில் பரவிய மறுவாரமே அதைப் பற்றிய சிறுகதைகள் வந்துவிடுகின்றன. எல்லாவற்றிலும் அதே காட்சி, அதே கோபம். செய்தி எங்கே நின்றதோ அங்கேயே கதையும் நின்றுவிடுகிறது. இப்போது செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் நொடியில் பத்துக் கருக்களை அடுக்கித் தருகிறது. ஆனால் உப்புப் பாத்தியில் நாளெல்லாம் நிற்கிற பெண்ணின் பாதம் என்ன ஆகும் என்பதை அவள் பக்கத்தில் உட்கார்ந்து பேசாமல் எழுதினால், அது வாசகருக்குத் தெரிந்துவிடும்.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் மின்னணுத் தொழிற்சாலைப் பெண்கள் தங்கும் விடுதிகள் இருக்கின்றன. திருப்பூரில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் வரிசை வீடுகளில் வாழ்கிறார்கள். நள்ளிரவிலும் சோற்றுப் பொட்டலத்தோடு நம் மாடிப்படி ஏறுகிற இளைஞர்கள் இருக்கிறார்கள். இவர்களைப் பற்றிய செய்திகள் நிறையவே வருகின்றன. இவர்களோடு பழகி எழுதிய பெரிய நாவல்தான் வேண்டும். புதிதாக எழுத வருகிறவர்கள் யாராவது அங்கே போய்ச் சில மாதங்கள் தங்கிவிட்டு வாருங்கள், எழுதுங்கள்.