ஜப்பானும் ஆங்கிலமும் – 7: ஐந்து பேர், ஒரே புயல்

போன வாரம் 'ஜுகென் எய்கோ' எனும் தேர்வு ஆங்கிலத்தில் நிறுத்தினேன். மறந்தவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள், இங்கே இடமில்லை.

தேர்வை விட்டுவிட்டால், ஒரு ஜப்பானியப் பள்ளி மாணவி ஆங்கிலத்தை எதற்காக ஆசைப்பட்டுப் படிப்பாள்? அந்த மொழிக்காரர்களோடு கலந்து பழகும் ஆசைதான் என்றார்கள் கனடாவின் ஆய்வாளர்களான கார்ட்னரும் லாம்பர்ட்டும். மான்ட்ரியலில் சரி, தெருவைத் தாண்டினால் பிரெஞ்சு பேசும் வீடு. ஒசாகாவில் யாரோடு கலப்பது? கான்சாய் பல்கலைக்கழகத்தின் தொமோகோ யாஷிமா 2002-ல் இங்கேதான் பிடித்தார். பல்கலைக்கழக மாணவர்களிடம் அவர் அளந்தது 'கொகுசாய்தெகி ஷிகோசெய்', அதாவது உலகை நோக்கிய மனம். வெளிநாட்டு விஷயங்களில் அக்கறை, கடல் கடந்து வாழத் தயக்கமின்மை, வேற்று மனிதர்களோடு பழகும் துணிவு. இது உள்ளவர்களுக்குப் படிக்கும் ஊக்கம் கூடுகிறது, வாய் திறந்து பேசும் விருப்பமும் கூடுகிறது.

இதைத்தான் விரிவாக எழுத உட்கார்ந்தேன். மஞ்சிரோ விடவில்லை.

1841. தோசா நாட்டு மீனவச் சிறுவன். வயது 14. எழுதப் படிக்கத் தெரியாது. புயல் அடித்து, மற்ற நால்வரோடு தோரிஷிமா என்ற ஆளில்லாத் தீவில் ஒதுங்கினான். கடற்பறவைகளைத் தின்று ஏறக்குறைய ஐந்து மாதம் கழிந்தபின் ஓர் அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பல் மீட்டது. நாட்டை விட்டுப் போய்த் திரும்பினால் தலை போகும் காலம் அது. ஹொனலுலுவில் நால்வரும் இறங்கிக்கொண்டார்கள். மஞ்சிரோ மட்டும் கேப்டன் விட்ஃபீல்டோடு மாசசூசெட்ஸ் போய், பள்ளியில் ஆங்கிலமும் கணக்கும் கப்பலோட்டும் கலையும் படித்தான். 1851-ல் ஜப்பான் திரும்பியவர் 1859-ல் ஆங்கில உரையாடல் நூலே எழுதினார். மறு வருடம் கன்ரின் மாரு கப்பலில் மொழிபெயர்ப்பாளராகப் போய், சான் பிரான்சிஸ்கோவில் அவரும் உடன் பயணித்த ஃபுகுஸாவா யுகிச்சியும் ஆளுக்கொரு வெப்ஸ்டர் அகராதி வாங்கிவந்தார்கள்.

அவர் பேரில் ஒரு கதை உலவுகிறது. 'வாட் டைம் இஸ் இட் நவ்' என்று கேட்க, 'ஹொத்தா இமோ இஜிருனா' என்றால் போதுமாம், அமெரிக்கருக்குப் புரிந்துவிடும். ஜப்பானிய மொழியில் அதற்கு அர்த்தம்: தோண்டிய கிழங்கை நோண்டாதே! மெய்யோ கட்டுக்கதையோ, மூன்று நாளாக வீட்டில் யார் மணி கேட்டாலும் எனக்குக் கிழங்குதான் ஞாபகம் வருகிறது.

ஐந்து பேருக்கும் ஒரே புயல், ஒரே கப்பல். ஒருவன்தான் மேலே போனான். யாஷிமாவின் 'கடல் கடந்து வாழத் தயக்கமின்மை' அவனிடம் முன்பே இருந்ததா, கப்பலில் கிடைத்த அன்பில் பிறந்ததா? பிந்தியதே என் கட்சி. அப்படியானால் அந்த மனத்தைப் பள்ளிக்கூடமும் உண்டாக்கலாம். மாதிரி ஐ.நா. சபை நடத்திப் பார்த்த ஜப்பானிய உயர்நிலைப் பள்ளி மாணவர்களை யாஷிமாவும் சக ஆய்வாளர்களும் கவனித்தது இதனால்தான். இந்த வாரம் தருவதாகச் சொன்ன அந்த வகுப்பறை அடுத்த இதழில். மஞ்சிரோ அதில் குறுக்கிட மாட்டார் என்று மட்டும் என்னால் வாக்குக் கொடுக்க முடியாது.