விரிதாள் பக்கங்களை மேக்ரோ மூலம் பிடிஎஃப் கோப்புகளாகச் சேமித்தல்

விரிதாளில் உள்ள பக்கங்களை ஒவ்வொன்றாகக் கையால் சேமிக்காமல், சிறு நிரல் ஒன்றைக் கொண்டு பிடிஎஃப் கோப்புகளாகத் தானாகவே சேமிக்கச் செய்யலாம். இந்தச் சிறு நிரல் மேக்ரோ அல்லது குறுநிரல் எனப்படுகிறது. மாணவர் மதிப்பெண் அறிக்கை, சம்பளச் சீட்டு, கட்டண ரசீது, விலைச்சிட்டை போன்ற ஒரே வடிவமுள்ள பல ஆவணங்களை உருவாக்க இம்முறை பெரிதும் பயன்படுகிறது. கையால் சேமிக்கும்போது நேரும் தவறு ஒரு கோப்பைக் கெடுக்கும். மேக்ரோவில் உள்ள தவறோ ஒரே நொடியில் எல்லாக் கோப்புகளையும் கெடுத்துவிடும். எனவே சேமிக்கும் ஆணையைக் காட்டிலும், அதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டிய சரிபார்ப்புகளே இதில் முதன்மையானவை.

இக்கட்டுரையில் ஆணைப் பெயர்கள் தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்துத் தரப்பட்டுள்ளன. நிரலில் அவற்றை ஆங்கிலத்திலேயே எழுத வேண்டும்.

வரலாறு

பிடிஎஃப் வடிவத்தை அடோபி நிறுவனம் 1993 இல் வெளியிட்டது. 2008 இல் இது ஐஎஸ்ஓ 32000-1 என்னும் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்டது. மைக்ரோசாஃப்ட் எக்செலில் மேக்ரோ எழுதப் பயன்படும் விஷுவல் பேசிக் ஃபார் அப்ளிகேஷன்ஸ் (விபிஏ) மொழியும் 1993 இல் எக்செல் 5 பதிப்புடன் வந்தது. எனினும் நெடுங்காலம் எக்செலில் நேரடியாகப் பிடிஎஃப் உருவாக்க வழி இருக்கவில்லை. பிடிஎஃப் அச்சுப்பொறி போலச் செயல்படும் தனி மென்பொருளை நிறுவி, அதற்கு அச்சிடுவதே வழக்கம். எக்செல் 2007 இல் இவ்வசதி முதலில் கூடுதல் இணைப்பாகவும், 2010 பதிப்பில் உள்ளமைந்ததாகவும் கிடைத்தது.

அடிப்படை ஆணை

எக்செலில் பிடிஎஃப் சேமிக்கும் ஆணை 'எக்ஸ்போர்ட் ஆஸ் ஃபிக்ஸ்டு ஃபார்மட்' என்பதாகும். இதனை ஒரு பணித்தாளுக்கோ, முழுப் பணிப்புத்தகத்துக்கோ, தேர்ந்தெடுத்த கட்டங்களுக்கோ கொடுக்கலாம். கோப்பின் வகை, பாதையுடன் கூடிய பெயர், தரம், ஆவண விவரங்களைச் சேர்ப்பதா, சேமித்தபின் கோப்பைத் திறப்பதா ஆகியவற்றை இதில் குறிப்பிடலாம். பல கோப்புகளை உருவாக்கும்போது கடைசியில் உள்ளதற்கு 'இல்லை' என்றே கொடுக்க வேண்டும். இல்லையெனில் நாற்பது கோப்புகளும் திரையில் திறந்து நிற்கும்.

புதிதாகக் கற்பவர்கள் மேக்ரோ பதிவு வசதியை இயக்கிவிட்டு, ஒரு தாளைக் கையால் பிடிஎஃப் ஆகச் சேமித்துப் பார்க்கலாம். ஆல்ட் + எஃப்11 விசைகளை அழுத்தினால் பதிவான நிரல் தெரியும். அதில் கோப்புப் பெயர் நிலையாக எழுதப்பட்டிருக்கும். அந்த இடத்தில் ஒரு மாறியை வைத்து, ஆணையை ஒரு மடக்குக்குள் இட்டால் தானியக்கம் தொடங்கிவிடுகிறது.

எடுத்துக்காட்டு: மதிப்பெண் அறிக்கை

ஒரு வகுப்பில் 40 மாணவர்கள் இருப்பதாகக் கொள்வோம். 'பட்டியல்' என்ற தாளில் பதிவெண்ணும் பெயரும், 'மதிப்பெண்' என்ற தாளில் பாடவாரியான மதிப்பெண்களும் உள்ளன. 'அறிக்கை' என்ற தாளில் பி2 கட்டத்தில் பதிவெண்ணை இட்டால், பெயரும் மதிப்பெண்ணும் வீலுக்அப் வாய்பாட்டின் வழியே தாமாக நிரம்பும். மேக்ரோ செய்ய வேண்டியவை:

1. பட்டியலின் கடைசி வரிசையைக் கண்டறிதல்.
2. முதல் பதிவெண்ணை அறிக்கையின் பி2 கட்டத்தில் இடுதல்.
3. 'கால்குலேட்' ஆணையால் வாய்பாடுகளை மீண்டும் கணக்கிடச் செய்தல்.
4. அறிக்கையில் வந்த பெயரும் பட்டியலில் உள்ள பெயரும் ஒன்றா எனப் பார்த்தல். வேறானால் சேமிக்காமல் அந்தப் பதிவெண்ணைக் குறித்து வைத்தல்.
5. பதிவெண்ணையும் பெயரையும் சேர்த்துக் கோப்புப் பெயர் அமைத்தல்.
6. பிடிஎஃப் ஆகச் சேமித்து, அடுத்த வரிசைக்குச் செல்லுதல்.
7. முடிவில், சேமித்த கோப்புகளின் எண்ணிக்கையையும் விடுபட்டவற்றையும் காட்டுதல்.

மூன்றாம், நான்காம் படிகளைப் பலர் விட்டுவிடுகின்றனர். பணிப்புத்தகம் கைமுறைக் கணக்கீட்டு நிலையில் இருந்தால், பி2 கட்டம் மாறினாலும் வாய்பாடுகள் மாறுவதில்லை. அப்போது ஒரு மாணவரின் பதிவெண்ணுக்குக் கீழே முந்தைய மாணவரின் மதிப்பெண் அச்சாகும். வீலுக்அப் வாய்பாட்டின் நான்காம் உறுப்பை விட்டுவிடுவதும் இதே விளைவைத் தரும். தேடிய எண் இல்லாதபோது, வாய்பாடு அதற்கு அருகில் உள்ள சிறிய எண்ணின் விவரத்தை எடுத்துக்கொள்ளும். நான்காம் உறுப்பாக 'ஃபால்ஸ்' கொடுத்தால், சரியான பொருத்தம் இல்லாதபோது பிழைக்குறி தோன்றும். தவறான மதிப்பெண் வருவதைவிடப் பிழைக்குறி வருவது நல்லது.

கோப்புப் பெயர்

- ஒரே பெயருள்ள கோப்பு ஏற்கெனவே இருந்தால், எக்செல் எச்சரிக்கை ஏதுமின்றி அதன்மேல் எழுதிவிடும். வகுப்பில் ஒரே பெயருடைய இருவர் இருந்து, கோப்புக்குப் பெயரை மட்டும் வைத்தால், 40 கோப்புகளுக்குப் பதில் 39 மட்டுமே மிஞ்சும். எனவே பதிவெண் போன்ற தனித்த அடையாளம் பெயரில் இருக்க வேண்டும்.
- சாய்கோடு, முக்காற்புள்ளி, வினாக்குறி, நட்சத்திரக்குறி, இரட்டை மேற்கோள் போன்றவற்றை விண்டோஸ் கோப்புப் பெயரில் ஏற்பதில்லை. 12/05/2024 என்ற தேதியை அப்படியே பெயரில் சேர்த்தால் சேமிப்பு தோல்வியடையும். 2024-05-12 என மாற்றி எழுதினால், கோப்புகள் தேதி வரிசையிலும் அமையும்.
- ஒருமுறைகூடச் சேமிக்கப்படாத பணிப்புத்தகத்துக்குப் பாதை இருக்காது. கோப்புறையின் பாதையைப் பணிப்புத்தகத்திலிருந்து எடுக்கும் நிரல் அப்போது தவறும்.

தமிழ்ப் பெயர்கள்

எக்செலின் கட்டங்கள் ஒருங்குறியை முழுமையாக ஏற்கின்றன. ஆனால் விபிஏ நிரல் எழுதும் சாளரம் ஒருங்குறியை ஏற்பதில்லை. அங்கே 'அறிக்கை' என்று தட்டச்சு செய்தால் எழுத்துகள் வினாக்குறிகளாக மாறிவிடும். வினாக்குறி கோப்புப் பெயரில் வரக்கூடாத குறி என்பதால் சேமிப்பும் தோல்வியடையும்.

இதற்குத் தீர்வு எளிது. தமிழ்ச் சொற்களை நிரலில் எழுதாமல் ஒரு கட்டத்தில் எழுதிவைத்து, நிரல் அதைப் படிக்கும்படி செய்ய வேண்டும். மாறிக்குள் சென்ற தமிழ் எழுத்துகள் சிதைவதில்லை. கோப்பும் தமிழ்ப் பெயரிலேயே உருவாகும். தாளின் பெயர் தமிழில் இருந்தால், நிரலில் அதன் உட்பெயரையோ வரிசை எண்ணையோ பயன்படுத்தலாம். 'மெசேஜ் பாக்ஸ்' பெட்டியும் தமிழைக் காட்டாது என்பதால், விடுபட்டவற்றின் பட்டியலை ஒரு தாளிலேயே எழுதச் செய்வது நல்லது. கோப்பு உள்ளதா எனப் பார்க்கும் 'டிர்' செயற்கூறும் தமிழ்ப் பெயர்களில் தவறும். அதற்கு மாற்றாக 'ஃபைல் சிஸ்டம் ஆப்ஜெக்ட்' பயன்படுகிறது.

பக்க அமைப்பு

பிடிஎஃப் கோப்பில் வருவது அச்சில் வரக்கூடிய பக்கமே. எனவே அச்சுப் பரப்பு, தாளின் அளவு, ஓரங்கள் ஆகியவற்றை முன்னதாகவே அமைக்க வேண்டும். அகலத்தை ஒரு பக்கத்துக்குள் அடக்க, நிரலில் 'ஸூம்' பண்பை முதலில் 'ஃபால்ஸ்' ஆக்க வேண்டும். இல்லையெனில் அடக்கும் ஆணை செயல்படாது. நெடுக்கையின் அகலம் போதாவிட்டால், எண்களுக்குப் பதில் #### என்ற குறிகளே பிடிஎஃபிலும் பதியும். இயல்பு அச்சுப்பொறி வேறானால் பக்கப் பிரிவும் மாறலாம் என்பதால், வேறு கணினியில் இயக்கும்போது ஒரு கோப்பைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

பல தாள்களை ஒரே பிடிஎஃப் ஆக்க, அவற்றைக் குழுவாகத் தேர்ந்தெடுத்துச் சேமிக்கலாம். முடிந்ததும் குழுத் தேர்வை நீக்க வேண்டும். நீக்காவிட்டால், அடுத்து ஒரு தாளில் எழுதுவது எல்லாத் தாள்களிலும் பதிந்துவிடும்.

பிழைகளும் பாதுகாப்பும்

மறைக்கப்பட்ட தாள், வெற்றுத் தாள், வேறு மென்பொருளில் திறந்திருக்கும் அதே பெயருள்ள பிடிஎஃப் ஆகியவை மேக்ரோவை நிறுத்திவிடும். இதைத் தவிர்க்கச் சிலர் 'ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்' என்ற வரியை நிரலின் தொடக்கத்தில் எழுதுகின்றனர். இது பிழையைத் தீர்ப்பதில்லை, மறைக்கிறது. எந்தக் கோப்பு விடுபட்டது என்பதே தெரியாமல் போகும். மேக்ரோ செய்த மாற்றங்களைப் பொதுவாக 'அன்டூ' மூலம் மீட்கவும் முடியாது. ஆகவே பிரதி ஒன்றில், இரண்டு மூன்று பெயர்களை வைத்து முதலில் இயக்கிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

மேக்ரோ உள்ள பணிப்புத்தகத்தை எக்ஸ்எல்எஸ்எம் வடிவில் சேமிக்க வேண்டும். மேக்ரோக்கள் வழியாகத் தீநிரல்களும் பரவியுள்ளன. 1999 இல் பரவிய மெலிசா ஒரு வேர்டு மேக்ரோ ஆகும். இணையத்திலிருந்து வரும் கோப்புகளின் மேக்ரோக்களை இயல்பாகவே தடுக்கும் முறையை மைக்ரோசாஃப்ட் 2022 இல் நடைமுறைப்படுத்தத் தொடங்கியது. அறிமுகமில்லாதவர் அனுப்பிய மேக்ரோவை இயக்கக்கூடாது.

பிற மென்பொருள்கள்

கட்டற்ற மென்பொருளான லிப்ரேஆஃபிஸ் கால்க்கில், லிப்ரேஆஃபிஸ் பேசிக் மொழியில் இதே வேலையைச் செய்யலாம். பிடிஎஃப் கோப்புக்குக் கடவுச்சொல் இடவும் முடியும். கூகுள் ஷீட்ஸில் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் பயன்படுகிறது. குறித்த நேரத்தில் தானாக இயங்கும்படியும் அதை அமைக்கலாம். ஆனால் ஒருமுறை இயங்க 6 நிமிட வரம்பு உள்ளதால், பெரிய பட்டியல்களைப் பகுதிகளாகப் பிரிக்க வேண்டும். எந்த மென்பொருளாயினும், பட்டியலில் உள்ள பெயர்களின் எண்ணிக்கையும் கோப்புறையில் உள்ள கோப்புகளின் எண்ணிக்கையும் ஒன்றாக உள்ளனவா என்று பார்த்து, சில கோப்புகளைத் திறந்து மூலத்துடன் ஒப்பிட்ட பிறகே அவற்றை உரியவர்களுக்கு அனுப்ப வேண்டும்.