குனிஞ்சா நிமிர முடியலையா? திடீர் இடுப்பு வலியை "வாயு"ன்னு விட்டுடாதீங்க!

அவலூர்பேட்டை:

நெல் மூட்டையை தூக்க குனிந்தவர் பாதியில் அப்படியே நின்று விடுவார். மல்லாட்டை பிடுங்கி விட்டு நிமிர்ந்த பெண், "ஐயோ" என்று இடுப்பைப் பிடித்துக் கொண்டு வரப்பில் உட்கார்ந்து விடுவார். காலையில் நல்லாத்தான் எழுந்தார், பல் விளக்க குனிந்தார், அவ்வளவுதான்!

அவலூர்பேட்டை, மேல்மலையனூர், செஞ்சி பக்கம் இது வீட்டுக்கு வீடு நடக்கிற கதை. கேட்டால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "வாயு பிடிச்சுக்கிச்சு." உடனே பூண்டு சுட்டுக் கொடுப்பார்கள், ஓமத் தண்ணீர் காய்ச்சுவார்கள், தைலம் தேய்ப்பார்கள். கால் முன்னால் வந்து பிறந்த ஆளைத் தேடிப் பிடித்து இடுப்பில் மிதிக்கச் சொல்கிற வழக்கம் கூட இன்னும் போகவில்லை.

சாதாரண தசைப்பிடிப்பு என்றால் சில நாட்களில் தானாகவே விட்டு விடும். மிதித்தவருக்கு நல்ல பேர் கிடைத்து விடும்! ஆனால் வாயு என்பது வயிற்றிலும் குடலிலும் இருப்பது. அது இடுப்பு தசைக்குள்ளேயோ மூட்டுக்குள்ளேயோ போய் உட்காராது. எலும்பில் கோளாறு இருக்கிறவரை மிதித்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

எந்த இடுப்பு?

நம்ம பேச்சில் ஒரு சிக்கல் உண்டு. முதுகின் அடிப்பாகம் வலித்தாலும் இடுப்பு வலி, பக்கவாட்டில் வலித்தாலும் இடுப்பு வலி, தொடை சேருகிற மூட்டு வலித்தாலும் இடுப்பு வலி. பிரசவ வலிக்கும் அதே பேர்தான். டாக்டரிடம் "இடுப்பு வலி" என்று மட்டும் சொன்னால் பாதி விஷயம்தான் சொன்ன மாதிரி. வலிக்கிற இடத்தை விரலால் தொட்டுக் காட்டுங்கள்.

பின்பக்கம் முதுகின் அடியில் பிடித்துக் கொண்டால், பெரும்பாலும் தசையோ ஜவ்வோ சுளுக்கி இருக்கும். அதே வலி பின்பக்கத்தில் ஆரம்பித்து, தொடை வழியாக முழங்காலுக்கும் கீழே மின்சாரம் பாய்வது மாதிரி இறங்கினால், முதுகெலும்பு ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று அர்த்தம். இருமினாலும் தும்மினாலும் சுரீர் என்று வரும். கால் மரத்துப் போகும்.

இடுப்பின் வெளிப்பக்கத்தில், கை வைத்தால் தட்டுப்படுகிற எலும்பின் மேல் வலி என்றால் அது வேற. அந்தப் பக்கமா ஒருக்களித்துப் படுக்க முடியாது. நாற்பது வயது தாண்டிய பெண்களுக்கு அதிகம் வரும். எலும்புக்கும் தசைநாருக்கும் நடுவில் உராயாமல் இருக்க ஒரு சின்ன நீர்ப்பை உண்டு. அந்த இடத்து தசைநாரும் பையும் நோகிறதால் வருகிற வலி இது.

நிஜமான இடுப்பு மூட்டு வலி எங்கே தெரியும் தெரியுமா? முன்பக்கம், தொடை இடுக்கில்! சில பேருக்கு முழங்காலில் மட்டுமே வலிக்கும். முழங்காலுக்கு எக்ஸ்ரே எடுத்து "ஒண்ணும் இல்லை" என்று வந்தும் நொண்டல் போகவில்லையா? இடுப்பை பார்க்கச் சொல்லுங்கள்.

மூட்டையும் கிரிவலமும்

திடீர் பிடிப்புக்கு முதல் காரணம் வேலைதான். அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஒரு சிப்பம் 40 கிலோ. வெளி வியாபாரத்தில் ஒரு மூட்டை 75 கிலோ. ஆண் தொழிலாளி கையால் சுமக்கிற எடை 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரை செய்திருக்கிறது. கமிட்டியிலும் மண்டியிலும் மூட்டை சுமக்கிறவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் அவர்கள் இடுப்பு சிரிக்காது.

நாத்து நடுகிற பெண்கள் முழங்காலை மடக்காமல் மணிக்கணக்கில் குனிந்தே இருப்பார்கள். கடைசியில் சட்டென்று நிமிரும்போதுதான் பிடித்துக் கொள்ளும். அரை மணிக்கு ஒரு தரம் நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்து லேசாக பின்னால் வளைந்தால் போதும், பாதி வலி வராது. மேஸ்திரி முறைப்பார், முறைக்கட்டும்.

அப்புறம் திருவண்ணாமலை கிரிவலம். 14 கிலோமீட்டர், அதுவும் செருப்பு இல்லாமல் தார் ரோட்டில். மாசம் முழுக்க கடையில் உட்கார்ந்திருப்பவர் பவுர்ணமி அன்று மட்டும் ஒரே மூச்சில் நடந்தால், மறுநாள் இடுப்பு பேசும். செஞ்சிக்கோட்டை ராஜகிரி ஏறுகிறவர்களுக்கும் இதே கதை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக பாரம்பரிய பட்டியலில் கோட்டை சேர்ந்ததும், ஏறிப் பார்க்கிற ஆசை பல பேருக்கு வந்திருக்கு. ஒரு வாரம் முன்னாடியே தினமும் கொஞ்சம் நடந்து பழகி விட்டு ஏறுங்க.

குடியும் ஊசியும் செய்கிற வேலை

இது கொஞ்சம் கவனமா படிக்க வேண்டிய விஷயம். தொடை எலும்பின் உச்சியில் உருண்டையாக ஒரு பந்து இருக்கிறது. அதுதான் இடுப்புக் குழியில் சுழல்கிறது. அந்தப் பந்துக்கு ரத்தம் கொண்டு போகும் குழாய்கள் ரொம்ப சன்னமானவை. அவை அடைத்துக் கொண்டால் எலும்பு உயிரற்றுப் போய், நாளடைவில் பந்து நொறுங்கி சப்பையாகி விடும்.

யாருக்கு வரும்? கிழவருக்கு அல்ல. முப்பது, நாற்பது வயது ஆண்களுக்குத்தான் அதிகம். பல வருஷம் அதிகமாகக் குடிப்பது ஒரு காரணம். இன்னொன்று ஸ்டீராய்டு மருந்து. 2021-ல் கொரோனாவுக்கு ஸ்டீராய்டு எடுத்தவர்களில் சிலருக்கு மாதக்கணக்கில் கழித்து இந்த நோய் வந்ததை டாக்டர்கள் பதிவு செய்தார்கள். உயிரைக் காப்பாற்ற டாக்டர் அளந்து கொடுத்த மருந்து அது. ஆனால் போலி டாக்டர் போடுகிற "ஒரே ஊசியில் வலி போச்சு" மருந்திலும், பேர் இல்லாத மூட்டுவலி பொடியிலும் ஸ்டீராய்டு கலந்திருந்தால் யார் அளப்பது? சாப்பிட்டதும் வலி பறந்து, பசி எடுத்து, முகம் உப்பி வந்தால் சந்தேகப்படுங்கள். அதற்காக பல நாள் சாப்பிட்டதை பட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. அந்தப் பொட்டலத்தோடு டாக்டரிடம் போங்கள்.

இந்த நோய் ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம், எம்.ஆர்.ஐ. ஸ்கேனில்தான் தெரியும். சீக்கிரம் கண்டுபிடித்தால் எலும்பில் துளை போட்டு அழுத்தத்தைக் குறைத்து பந்தைக் காப்பாற்ற முயற்சி செய்யலாம். நொறுங்கி விட்டால் மூட்டு மாற்று ஆபரேஷன்தான். தொடை இடுக்கில் வலி, சம்மணம் போட முடியவில்லை, நடை நொண்டுகிறது என்றால் மூணு வாரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டாம்.

இதெல்லாம் இருந்தா உடனே ஓடுங்க

வயசான அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்தார், எழுந்து நிற்க முடியவில்லை, ஒரு கால் குட்டையாகி பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடக்கிறது என்றால், இடுப்பு எலும்பு முறிந்து விட்டது. இதற்கு எண்ணெய்க் கட்டு போட்டு படுக்க வைக்காதீர்கள். எலும்பு சேருவதற்குள் படுக்கைப்புண், நுரையீரல் சளி, ரத்தக்கட்டு என்று ஒவ்வொன்றாக வரும். பல முதியவர்கள் முறிவால் சாவதில்லை, படுத்தே கிடந்ததால்தான் சாகிறார்கள். 108-ஐ கூப்பிடுங்கள். ஆபரேஷன் ஓரிரு நாளில் நடந்தால், மறுநாளே பிடித்துக் கொண்டு நிற்க வைத்து விடுகிறார்கள்.

குழந்தை காலை ஊன மறுத்து, கூடவே காய்ச்சலும் அடித்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. மூட்டுக்குள் சீழ் பிடித்திருந்தால் சில நாளிலேயே மூட்டு கெட்டு விடும். பெரியவர்களுக்கு இடுப்பு வலியோடு சாயங்கால காய்ச்சலும் உடம்பு இளைப்பும் இருந்தால் எலும்பு காச நோயா என்று பார்க்கணும். அதற்கு அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம்.

இடுப்பு வலியோடு ஒண்ணுக்கு வராமல் அடைத்துக் கொண்டாலோ, உட்காரும் இடம் மரத்துப் போனாலோ, கால் இழுத்தாலோ ராத்திரி என்று பார்க்காதீர்கள். விலாவில் ஆரம்பித்து தொடை இடுக்குக்கு அலை அலையாய் இறங்கினால் அது கல்லடைப்பாக இருக்கும். மாதவிலக்கு தள்ளிப்போன பெண்ணுக்கு அடிவயிறும் இடுப்பும் சேர்ந்து திடீரென வலித்து தலை சுற்றினால், கரு குழாயில் தங்கி வெடித்திருக்கலாம், அது உயிர் போகிற விஷயம். ஒரு பக்கம் மட்டும் எரிந்து, ரெண்டு நாளில் கொப்புளம் கிளம்பினால் அக்கி. காவி எழுதுவது உங்கள் விருப்பம், ஆனால் கொப்புளம் வந்த மூணு நாளைக்குள் மருந்து தொடங்கினால்தான் நல்ல பலன்.

வீட்டில் என்ன செய்யலாம்?

வெறும் பிடிப்புதான் என்றால் முதல் ரெண்டு நாள் ஐஸ் கட்டியை துணியில் சுற்றி கால் மணி நேரம் வைக்கலாம். அப்புறம் வெந்நீர் ஒத்தடம். ஒரு நாள் ஓய்வு போதும். வாரக்கணக்கில் கட்டிலில் படுத்தால் தசை இறுகி வலி இன்னும் கூடும். படுக்கும்போது வலிக்காத பக்கம் ஒருக்களித்து, ரெண்டு முழங்காலுக்கும் நடுவில் தலையணை வைத்துப் பாருங்கள், நல்ல சுகம் தெரியும். வலி குறைந்ததும் மல்லாந்து படுத்து ஒவ்வொரு முழங்காலாக நெஞ்சுப் பக்கம் மெதுவாக இழுத்து விடலாம்.

மெடிக்கலில் "உடம்பு வலிக்கு ரெண்டு செட் கொடுங்க" என்று கேட்கிற பழக்கம்தான் பெரிய வம்பு. பாரசிட்டமால் ஓரிரு நாள் போடலாம், தினமும் குடிக்கிறவர்கள் அதையும் டாக்டரைக் கேட்டுத்தான் போடணும். டைக்ளோபினாக் மாதிரி மாத்திரைகள் வெறும் வயிற்றில் போட்டால் குடலில் புண், தொடர்ந்து போட்டால் கிட்னிக்கு வேட்டு. இந்த மருந்தைப் போட்ட மாடு செத்து, அதைத் தின்ற கழுகுகள் கிட்னி கெட்டு கூட்டம் கூட்டமாக அழிந்ததால்தான், மாட்டுக்கு இதைப் போட 2006-ல் இந்தியாவில் தடை வந்தது. சுகர், பி.பி. உள்ளவர்கள் இன்னும் ஜாக்கிரதை.

கைத்தடி பிடிக்கிறவர்கள் முக்கால்வாசி பேர் வலிக்கிற பக்கமே பிடிக்கிறார்கள். தப்பு. வலது இடுப்பு வலித்தால் தடி இடது கையில் இருக்கணும். அப்பத்தான் மூட்டுக்கு பாரம் குறையும்.

ரெண்டு வாரத்தில் வலி குறையாவிட்டால் முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம், அடுத்து செஞ்சி அரசு ஆஸ்பத்திரி. எலும்பு டாக்டர், ஆபரேஷன் என்றால் முண்டியம்பாக்கம் அல்லது திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. வீட்டை விட்டு நகர முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் மூட்டு மாற்று ஆபரேஷனும் உண்டு. கிளம்பும்போது ரேஷன் கார்டு, ஆதார், காப்பீட்டு அட்டை மூன்றையும் பையில் போட்டுக்கிட்டு போங்க, பழைய எக்ஸ்ரே இருந்தால் அதையும் சேர்த்து.