மண்புழுவை விரட்டாமல் உரத்தைப் பிரித்தெடுக்கலாம்

புதுச்சேரி நேரு வீதியில் உள்ள பெரிய மார்க்கெட் போன்ற காய்கறிச் சந்தைகளில் கோசு இலை, வாழைச் சருகு, கீரைத் தண்டு, வாடிய பூ எனக் கழிவு நிறையச் சேர்கிறது. பாகூர், வில்லியனூர் பக்கத்துச் சிறு விவசாயி இதை மண்புழு உரமாக்கினால் உரச் செலவு குறையும். ஆனால் உரம் எடுக்கும்போது மண்வெட்டி பட்டுப் புழுக்கள் பாதி செத்துப் போவதுண்டு. புழுக்களின் போக்கை அறிந்தால் இந்த நஷ்டத்தைத் தவிர்க்கலாம்.

புழுக்களின் போக்கு

மண்புழு உடலை நீட்டியும் சுருக்கியும் ஊர்கிறது. சுவரோ கல்லோ தடுத்தால் வளைந்து, அதை ஒட்டியே செல்கிறது. தொட்டியின் ஓரங்களிலும் ஈரச் சாக்கின் அடியிலும் புழுக்கள் திரள்வதைக் காணலாம். 2010-இல் பெல்ஜிய ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட ஆய்வின்படி, எருப் புழுக்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே ஒரே திசையில் கூட்டமாக நகர்கின்றன. 2022-இல் ஆம்ஸ்டர்டாம் ஆராய்ச்சியாளர்கள் சேற்றுப் புழுக்களை வரிசையாக நட்ட சிறு தூண்களுக்கிடையே நீரோட்டத்துடன் விட்டனர். நீளத்துக்கும் சுறுசுறுப்புக்கும் ஏற்ப அவை பிரிந்து வந்தன. புழுக்களைப் பிரிக்கக் கைபலம் தேவையில்லை. தடையும் வழியும் சரியாக அமைந்தால் போதும்.

தொட்டி அமைப்பு

மண்புழு ஆராய்ச்சியாளர் டாக்டர் சுல்தான் அகமது இஸ்மாயில் பரப்பிய முறையில், அடியில் உடைந்த செங்கல் அல்லது கூழாங்கல், அதன்மேல் மணல், அதன்மேல் மண் பரப்பப்படுகிறது. இதனால் தண்ணீர் தேங்காது. தொட்டிக்கு நிழல் அவசியம்.

சந்தைக் கழிவிலிருந்து பிளாஸ்டிக், பூக்கட்டிய நூல், மீன் கழிவு ஆகியவற்றை நீக்க வேண்டும். மிளகாய், எலுமிச்சை அதிகம் கூடாது. சாணக் கரைசல் தெளித்து 15 முதல் 20 நாள் மக்க வைத்து, சூடு தணிந்த பிறகே புழு விட வேண்டும். சூடான குவியலில் புழு பிழைக்காது. கையில் பிழிந்தால் ஓரிரு சொட்டு நீர் வருமளவு ஈரம் போதும்.

உரம் எடுக்கும் முறை

கழிவு கருத்து, பொலபொலவென ஆனதும் 4, 5 நாள் தண்ணீர் தெளிப்பதை நிறுத்த வேண்டும். பிறகு வெளிச்சமான இடத்தில், நேர் வெயில் படாமல், சாக்கின்மேல் கூம்பாகக் குவிக்க வேண்டும். வெளிச்சத்துக்கு அஞ்சிப் புழுக்கள் கீழே இறங்கும். சில மணி நேரம் கழித்து மேலே உள்ள உரத்தைக் கையால் அள்ளலாம். அடியில் எஞ்சும் குவியலில், சூடு தணிந்த பழைய சாண உருண்டைகளை ஆங்காங்கே புதைத்து ஈரச் சாக்கால் மூடினால், புழுக்கள் அவற்றில் வந்து திரளும். உருண்டையோடு எடுத்து அடுத்த தொட்டியில் விடலாம்.

இப்படிச் செய்தால் விலை கொடுத்து வாங்கிய புழு வீணாகாது. ஒருமுறை வாங்கிய புழுவே அடுத்தடுத்த தொட்டிகளுக்கும் உதவும்.